நாலில் ஒன்று யாருக்கு

பின்னக் கணக்குப் படிப்பிக்கப் பொறுமை வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அது பிறவியிலேயே குறைவு. யாழ்ப்பாணத்தில் நான் படிப்பித்தது மேல் வகுப்புகளுக்கு. அங்கே வருகிற பிள்ளைகளுக்குப் பின்னம் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்த மாதிரி முகத்தை வைத்திருக்கப் பழகியிருப்பார்கள். இரண்டில் எதுவென்று நானும் தோண்டிப் பார்த்ததில்லை. பாரிசுக்கு வந்து, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் அரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது.

2009க்குப் பிந்திய சில வருடங்கள் அவை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பயண முகவர் கடையில் விமானச் சீட்டுப் போடுகிற வேலை எனக்கு. சனிக்கிழமை மத்தியானத்தோடு கடையை விட்டு வந்துவிடுவேன். பக்கத்திலே மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பின்னேரம் முழுவதும் ரியூஷன். சனிக்கிழமைதான் எங்கள் ஆட்கள் புறநகர்களிலிருந்து சாமான் வாங்க லா சப்பலுக்கு வருகிற நாள். பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மீனும் மரக்கறியும் வாங்கப் போவார்கள். திரும்பி வந்து, முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிற பையோடு வாசலில் நின்று, "இண்டைக்கு என்ன படிச்சவை?" என்று கேட்பார்கள்.

அவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் பிடிக்கும்: அடுத்த வருடப் பாடம். இந்த வருடப் பாடத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும், ரியூஷன் என்றால் ஒரு வருடமாவது முன்னால் ஓட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் நியாயம். ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. விமான நிலையத்தில் இதை யாரும் பிடித்து வைக்கவில்லை. "இந்த வருசத்தை வடிவாப் படிக்கட்டுமே" என்று நான் சொன்னால், என்னிடம் சரக்குக் குறைவு என்று நினைத்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இன்னொரு ரியூஷன் இருக்கிறதாம் என்று என் காதுபடப் பேசுவார்கள்.

இந்த அவசரத்தின் வில்லங்கம் எல்லாவற்றையும்விடப் பின்னத்தில்தான் வெளியே தெரியும். கீழே இருக்கும் எண் வேறு வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவது பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு கொலேஜுக்கு, அதாவது ஆறாம் வகுப்பைத் தாண்டிப் போன பிறகுதான் வரும். எங்கள் பிள்ளைகள் அதற்கு வெகு முன்பே கூட்டுவார்கள். பொது மடங்கு கண்டுபிடித்து, மேலே பெருக்கி, கீழே பெருக்கி, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து என்று ஒப்புவிப்பார்கள். "சரி, ஆறிலை அஞ்சு அரையை விடக் கூடவோ குறைவோ?" என்று கேட்டால், கூட்டுறதோ கழிக்கிறதோ என்று என்னைத் திருப்பிக் கேட்பார்கள்.

எட்டு நாலைவிடப் பெரிது, ஆகவே எட்டில் ஒன்று நாலில் ஒன்றைவிடப் பெரிது. இதை ஒருமுறையாவது நம்பாத பிள்ளையை நான் கண்டதில்லை. ஒரு கோட்டை நாலு பங்காக்கு என்றால், குறுக்கே நாலு கோடு கீறி ஐந்து பங்காக்கிவிட்டுச் சரி பிழை பார்க்க என் முகத்தைப் பார்ப்பார்கள். நாலில் ஐந்து என்று நான் எழுதிய அன்று ஒரு பொடியன் பேனையையே கீழே வைத்துவிட்டான். "அன்ரி, நாலு துண்டுதானே இருக்கு. அஞ்சு எப்பிடி எடுக்கிறது?" என்றான். "பக்கத்து வீட்டிலை" என்றாள் அடுத்த கதிரையில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னது சரி, இன்னொரு முழுமையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.

நான் சொல்ல வந்த பிள்ளை என்னிடம் வந்தது ஒரு குளிர்காலத்தில். ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் இருந்து தகப்பனோடும் தங்கையோடும் ரயிலில் சன் லசார் வந்து, அங்கிருந்து பன்னிரண்டாம் இலக்க மெத்ரோ பிடித்து வந்திருந்தாள். தகப்பன் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறவர். சனிக்கிழமை இரவு வேலைக்குப் போக வேண்டும், பகலில் பிள்ளைகள் அவர் பொறுப்பு. தாய்க்கு அன்றைக்கு ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை. தகப்பன் தொப்பியைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னார். மூத்தவள் நாலாம் வகுப்பு. கணக்கு ஏறவில்லையாம், வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். இப்படியே போனால் நாலாம் வகுப்பைத் திரும்பப் படிக்கவேண்டி வரும் என்று வகுப்பாசிரியை கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறா. ஜூனில் ஆசிரியர்கள் கூடி முடிவெடுப்பார்கள்.

"இவளுக்கு எல்லாம் தெரியும் ரீச்சர். நானே பொது மடங்கு எல்லாம் சொல்லிக் குடுத்தனான். அரையையும் மூண்டிலொண்டையும் கூட்டச் சொல்லிப் பாருங்கோ" என்றார். சொன்னேன். ஆறில் ஐந்து என்று பிரெஞ்சில் பதில் வந்தது, பாடமாக்கின குரலில். "பாத்தீங்களோ" என்றார் தகப்பன்.

அவர் போன பிறகு, உனக்கு என்ன பயம் என்று நேரே கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது. அவள் கதவுப் பக்கம் இருந்த தங்கையைக் கண்ணால் காட்டினாள். தங்கை மூன்றாம் வகுப்பு. அது சின்னப் பள்ளிக்கூடம், ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு அறைதான். மூத்தவள் நாலாம் வகுப்பிலேயே நின்றால் செப்ரெம்பரில் தங்கையும் அதே அறைக்கு வந்துவிடுவாள். தங்கையோ கணக்கில் சூரி. நான் மூத்தவளிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவள் வாய்க்குள் பதில் வைத்திருப்பாள். "அவ என்னோட ஒரே கிளாஸிலை இருப்பா" என்றாள் மூத்தவள். அழவில்லை, தகவல் மாதிரித்தான் சொன்னாள்.

எனவே வேலையைத் தொடங்கினோம். பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரிக் காகிதப் பட்டி ஒன்று வெட்டிக் கொடுத்து, நாலு பங்காக்கு என்றேன். ஆக்கினாள். முதல் துண்டு நீளம், இரண்டாவது கொஞ்சம் குறைய, மூன்றாவது அதைவிடக் குறைய, கடைசித் துண்டு ஒரு விரல் அகலம். கவனமில்லாமல் செய்கிறாள் என்று நினைத்து இன்னொரு பட்டி கொடுத்தேன். அதே மாதிரி. மூன்றாவது பட்டியிலும் அதே படிக்கட்டு. அதற்குள் தங்கை தன் பட்டியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, ஒழுங்காக வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் குரல் உயர்ந்துவிட்டது. மூத்தவள் கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த கிழமைகளும் அப்படித்தான் போயின. மூன்றில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டாள். பிழையாகச் சொன்னாலாவது எனக்கு ஒரு பிடி கிடைக்கும். பள்ளிக்கூடத்திலும் அந்தக் கேள்விக்கு இதே மௌனந்தான் என்று தகப்பன் சொன்னார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய், "வாயைத் திறந்து ஏதாவது சொல்லன் பிள்ளை, பிழையெண்டாலும் பரவாயில்லை" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தமிழில் கேட்டாள்:

"நாலிலை ஒண்டு எண்டால், ஆருக்கு?"

எனக்கு விளங்கவில்லை. ஆருக்கென்றால் என்ன, ஒருவருக்கும் இல்லை, நாலில் ஒன்று நாலில் ஒன்றுதான் என்றேன். அன்றைக்கு மேசையில் பட்டர் கேக் இருந்தது. என் எரிச்சலை ஆற்றிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. கத்தியைக் கொடுத்து, உனக்கும் தங்கச்சிக்கும் பாதி பாதியாக வெட்டு என்றேன். வெட்டினாள். பெரிய துண்டைத் தங்கையின் பக்கம் தள்ளினாள், சின்னதைத் தான் எடுத்தாள். எடுத்த வேகத்தைப் பார்த்தால் அதில் வருத்தமும் இல்லை, யோசனையும் இல்லை.

"பாதியா வெட்டச் சொன்னனான் எல்லே."

"வெட்டிட்டன்."

"ரெண்டும் ஒரே அளவோ?"

"இல்லை. அவ சின்னப்பிள்ளை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காகிதப் பட்டியை மறுபடி எடுத்து, நாலு பங்காக்கு, ஒவ்வொன்றும் யாருக்கென்று சொல்லிச் சொல்லி வெட்டு என்றேன். மிக நீளமான துண்டு, அப்பாக்கு, அவர் இரவு வேலை. அடுத்தது தங்கச்சிக்கு. அதற்கடுத்தது அம்மாக்கு. விரல் அகலத் துண்டு எனக்கு என்றாள். நாலில் ஒன்று என்று நான் கேட்டபோதெல்லாம் அவளுக்கு நாலு விதமான பதில் இருந்திருக்கிறது. எதைச் சொல்வதென்று தெரியாமல்தான் சும்மா இருந்திருக்கிறாள்.

இதை நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். எங்கள் வீடுகளில் மூத்த பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, நடக்கத் தொடங்கின நாளிலிருந்து கேட்கிற சொல் "விட்டுக் குடு". பங்கிடுவது என்றால் ஆளுக்குத் தக்கபடி கொடுப்பது. வேலை செய்கிறவருக்குக் கூட, சின்னதுக்குக் கூட, கேட்கிறவருக்குக் கூட. அப்படிப் பங்கிடுகிற பிள்ளையை நல்ல பிள்ளை என்று தலையில் தடவுவோம். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை பங்கிடு என்று சொன்னதும், அந்த நல்ல பிள்ளை தனக்குத் தெரிந்தபடி பங்கிட்டிருக்கிறாள். பின்னத்தில் எல்லாப் பங்கும் சமம் என்பதை ஒருவரும் தனியாகச் சொல்லவில்லை. பிரெஞ்சு ஆசிரியைக்கு அதைச் சொல்லவேண்டிய தேவை தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

தெரிந்தபின் சுலபம் என்று நினைத்தேன், இல்லை. வெட்டுகிறவர் கடைசியாக எடுக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்து பார்த்தேன். சண்டைக்கார அண்ணன் தம்பிகளிடம் அது நன்றாக வேலை செய்யும், கடைசித் துண்டு தன் தலையில் விழும் என்ற பயத்தில் மில்லிமீற்றர் கணக்கில் வெட்டுவார்கள். இவளிடம் எடுபடவில்லை. வழக்கம்போலப் பெரிதும் சிறிதுமாக வெட்டினாள், தங்கை பெரியதை எடுத்தாள், இவள் சின்னதை எடுத்தாள். இருவருக்கும் பரம திருப்தி. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, தின்கிற சாமான் எதையும் கணக்குக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். கேக், தோடம்பழம், பிட்சா, எல்லாம் வெளியே. எங்கள் கடையில் ரசீது அச்சடிக்கிற காகிதச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, சுவர் நீளத்துக்கு நிலத்தில் விரித்தேன். ஒரு முனையில் பூச்சியம், மறு முனையில் ஒன்று. "இதை ஒருத்தரும் சாப்பிடப் போறதில்லை. இது தூரம். தூரத்தை ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்கேலாது" என்றேன். அவள் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்தாள்.

இரண்டாவது, தங்கையை வெளியேற்றினேன். தகப்பனிடம், சின்னவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவள் இங்கே இருந்தால் நான் படிப்பிக்கமாட்டேன் என்றேன். "அவளும் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கும் பிரயோசனம் எல்லே" என்றார். அடுத்த வருடப் பாடம் இலவசமாகக் காதில் விழுகிறது என்ற ஆசை அவருக்கு. நான் விடவில்லை. சின்னவள் படியில் அழுதுகொண்டே இறங்கினாள். மூத்தவள் எழும்பி ஜன்னலுக்குப் போய், அவர்கள் தெருவைக் கடக்கும்வரை பார்த்தாள். பிறகு வந்து நிலத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் பேசினாள். வகுப்பில் பேசாத பிள்ளை என்றார்களே, நான் இடையில் ஒரு சொல் போட முடியவில்லை. காகிதத்தை இரண்டாக மடித்தாள், விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று வந்ததைப் பார்த்து நகத்தால் அழுத்தினாள். மறுபடி மடித்தாள். விரித்தபோது மூன்று மடிப்பு, நாலு இடைவெளி. மடிப்பை எண்ணி மூன்று பங்கு என்றாள். காலால் நடந்து எண்ணு என்றேன். ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு காலடியில் கடந்து, நாலு என்றாள். அடுத்த சனிக்கிழமை அதே நீளத்தில் இன்னொரு காகிதத்தை மூன்றாக மடிக்கப் போராடினாள். மூன்றாக மடிப்பது யாருக்கும் கஷ்டம், எனக்கும் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அவள் விடாமல் மடித்தும் விரித்தும் சமமாக்கினாள். பிறகு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மூண்டிலொண்டுதான் பெரிசு. மற்றது கனக்கத் துண்டாப் போனதாலை சின்னனாப் போச்சு" என்றாள். யாருக்கு என்று கேட்கவில்லை. நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. வெளியே காட்டிக்கொள்ளாமல், சரி, இப்போது எட்டு, என்றேன்.

வசந்தத்தில் வகுப்பாசிரியை தகப்பனைச் சந்திக்கக் கூப்பிட்டபோது, மொழிபெயர்க்க வரும்படி தகப்பன் என்னைக் கேட்டார். ஆர்ஜொந்தெய்க்குப் போனேன், மூத்தவளும் கூட இருந்தாள். ஆசிரியை இளவயது, களைத்த முகம், ஆனால் கேட்கிற காது இருந்தது. வீட்டில் பங்கிடுகிற விதத்தையும், காகிதப் பட்டி ஏன் படிக்கட்டாக வந்தது என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு பட்டியை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தார். பிள்ளை நாலாக மடித்து, மூன்று பங்குக்கு நிறம் தீட்டி, இது ஒன்றைவிட எவ்வளவு குறைவு என்பதையும் கேளாமலே பிரெஞ்சில் சொன்னாள். தகப்பன் அவசரப்பட்டு, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள் என்று என் காதில் முணுமுணுத்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. மூத்தவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். தகப்பன் தொலைபேசியில் சொன்னபோது பின்னால் சமையலறைச் சத்தம் கேட்டது. வேலைக்கு நடுவில் எடுத்திருக்கிறார்.

பள்ளிக்கூடம் விட்ட முதல் சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்திருந்தார்கள். தகப்பன் அன்று தொப்பி போடவில்லை, தலையை வாரிச் சேட்டு மாற்றியிருந்தார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டார்.

"ரீச்சர், இன்னொரு உதவி. சின்னவள் சரியான கெட்டிக்காரி எண்டு அவளின்ரை வகுப்பு மெத்ரெஸே சொன்னவ. கெட்டிக்காரப் பிள்ளையளை இஞ்சை ஒரு வகுப்புத் தாண்ட விடுவினமாம். இந்த லீவுக்குள்ளை நாலாம் வகுப்புப் பாடம் முழுக்க முடிச்சு விட்டீங்கள் எண்டால், செப்ரெம்பரிலை கேட்டு நேரா அஞ்சிலை விடலாம். ரெண்டு பேரும் ஒண்டாப் போய் ஒண்டா வருவினம்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. குளிர்காலம் முழுக்க மூத்தவள் எதற்குப் பயந்திருந்தாளோ, அதையே கோடையில் கையால் கொண்டுவந்து வைக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் நெஞ்சுவரை வந்தது. "தம்பி, பெரியவளை ஏன் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று தொடங்கினேன்.

"வேண்டாம் அப்பா" என்றாள் மூத்தவள். தகப்பனுக்கு எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அதைத் தமிழில் சொன்னாள்.

தகப்பன் திரும்பினார். "ஏன் பிள்ளை? அவள் சின்னவள் எல்லே, நீதானே அவளைப் பாத்து..."

"சின்னவள்தானே. அப்ப நாலிலை இருக்கட்டும். அஞ்சாம் வகுப்பு எனக்கு முழுசா வேணும்."

சின்னவள் லட்டைக் கையில் வைத்தபடி அக்காவைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று தகப்பன் எதிர்பார்த்தார் போல இருக்கிறது, என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். அவர் என் பக்கம் இழுத்த கதிரையை மறுபடி பின்னால் தள்ளினார். பிறகு "சரி" என்றார். அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.